கால் குடைச்சலுக்கு எந்த மாத்திரை?

ராத்திரி படுத்தால் காலுக்குள் என்னவோ ஊர்கிறது. எழுந்து நாலு எட்டு நடந்தால் போய்விடுகிறது. படுத்தால் மறுபடி வந்துவிடுகிறது. காரியாபட்டிப் பக்கம் இதைக் குடைச்சல் என்பார்கள், உளைச்சல் என்பார்கள். சிலர் 'நரம்புத் தளர்ச்சி' என்று தாங்களே முடிவு கட்டிவிடுவார்கள். பேரனைக் கூப்பிட்டுக் காலில் ஏறி மிதிக்கச் சொல்வது, துண்டை எடுத்துக் கெண்டைக்காலை இறுக்கிக் கட்டுவது, தைலம் தேய்ப்பது எல்லாம் முதல் வைத்தியம். அதற்கும் அடங்காவிட்டால் மெடிக்கல். "அண்ணே, கால் உளைச்சலுக்கு ரெண்டு நாளைக்கு மாத்திரை குடுங்க." காகித உறையில் ஒரு வலி மாத்திரை, ஒரு சிவப்புச் சத்து மாத்திரை, படுத்ததும் தூங்கட்டும் என்று சின்னதாக இன்னொன்று. பல நேரம் வினையே அந்தச் சின்ன மாத்திரையில்தான் இருக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

மருத்துவத்தில் இதற்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்று பெயர், சுருக்கமாக ஆர்.எல்.எஸ். 1672-இல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் இதை எழுதி வைத்தார். அவர் கையில் இருந்தது அபின் சேர்ந்த மருந்து. அது கேட்டதாகவும் குறித்திருக்கிறார். 1945-இல் ஸ்வீடனின் நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்செல் எக்போம் இதைத் தனி நோயாக விரித்து எழுதிப் பெயரும் வைத்தார். இன்றுவரை எந்த ஸ்கேனும் எந்த ரத்தப் பரிசோதனையும் இந்த நோயைக் காட்டிக்கொடுப்பதில்லை. கேள்வி கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற உந்துதல் இருக்கிறதா, சும்மா இருக்கும்போது கூடுகிறதா, நடந்தால் குறைகிறதா, சாயங்காலத்துக்குமேல் மோசமாகிறதா என்று நாலு கேள்வி. நாலுக்கும் ஆமாம் என்றால், இதே மாதிரி தோன்றும் வேறு தொந்தரவு இல்லை என்பதை உறுதி செய்வது ஐந்தாவது வேலை.

அந்த ஐந்தாவது வேலை நம் ஊரில் சாமான்யமானதல்ல. நீரிழிவு வந்து பாதம் எரிகிறவர்களும், நரம்பு சுருட்டிக்கொண்டு கால் கனக்கிறவர்களும், குரக்களி பிடித்து நடுராத்திரியில் கத்துகிறவர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பாத எரிச்சல் பகலிலும் இருக்கும், நடந்தாலும் போகாது. குரக்களியில் தசை கல்லாக இறுகும், வலி உயிர் போகும். ஆர்.எல்.எஸ்-இல் பெரும்பாலும் வலி என்று சொல்லத் தெரியாது; இருக்க முடியவில்லை என்றுதான் சொல்வார்கள். பெங்களூரில் நடந்து 2007-இல் வெளியான கணக்கெடுப்பு, நூற்றுக்கு 2.1 பேருக்கு இது இருப்பதாகச் சொன்னது. ஐரோப்பிய, அமெரிக்கக் கணக்குகள் 5 முதல் 10 வரை போகின்றன. நம் பக்கத்துக் கணக்கையே வைத்துக்கொண்டாலும் மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகும் ஒரு நெரிசலான பேருந்தில் ஒருவருக்காவது இருக்கும். காரியாபட்டி வருவதற்குள் எழுந்து நின்றுவிடுகிற அந்த ஒருவருக்கு, உட்கார இடம் கிடைத்ததே தொல்லை.

இந்த நோய்க்கு மருந்து இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருக்கிறது, ஏராளமாக. ஒன்று கேட்கவில்லை என்றால் இன்னொன்று, அதுவும் சரிப்படவில்லை என்றால் டோஸைக் கூட்டு என்று மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் நோயாளிகளின் பொது அனுபவம். அந்த மாற்றத்தில் ஒரு வரிசை இருக்கிறது. நாம் அதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதே என் வாதம். முதலில் பார்க்க வேண்டியதைக் கடைசியில் பார்க்கிறோம். மூன்றாம் ஆண்டில் எடைபோட வேண்டிய மாத்திரைக்கு மூன்றாம் நாளே நற்சான்று கொடுத்துவிடுகிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது இரும்பு. எக்போம் காலத்திலேயே, இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது அதிகம் வருவது தெரிந்திருந்தது. 1953-இல் இன்னொரு ஸ்வீடன் மருத்துவரான நோர்ட்லாண்டர், ரத்தநாளம் வழியாக இரும்பு ஏற்றிப் பலன் கண்டதாக எழுதினார். பின்னால் எம்.ஆர்.ஐ. படங்களும், இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தவர்களும் சொன்ன சேதி இன்னும் முக்கியமானது: ரத்தத்தில் இரும்பு போதுமான அளவு இருக்கும்போதே மூளையின் சில பகுதிகளில் அது குறைந்திருக்கலாம். ஆகவே ஹீமோகுளோபின் 12 இருக்கிறது, 'ரத்தம் நல்லா இருக்கு' என்பது இந்த நோய்க்குப் பதிலாகாது. சேமிப்பில் எவ்வளவு இரும்பு என்று காட்டும் ஃபெரிட்டினைப் பார்க்க வேண்டும். கூடவே டிரான்ஸ்ஃபெரின் செறிவையும். காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால்தான் இரண்டும் வேண்டும்.

ஆய்வக அறிக்கையில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு பெண்ணின் ஃபெரிட்டின் 28 என்று வருகிறது. பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு வரம்பு, ஆய்வகத்துக்கு ஆய்வகம் கொஞ்சம் மாறினாலும், பெண்களுக்குப் பத்து பதினைந்தில் தொடங்கி 150 வரை போகும். 28 அதற்குள் அடங்குகிறது. எனவே எண் தடித்த எழுத்தில் வராது, அடிக்கோடும் இருக்காது. "எல்லாம் நார்மல்மா" என்று தாள் திரும்பி வந்துவிடும். ஆனால் ஆர்.எல்.எஸ். வழிகாட்டுதல்களில் கோடு வேறு இடத்தில் கிடக்கிறது. பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் 75-க்குள் இருந்தாலோ, டிரான்ஸ்ஃபெரின் செறிவு 20 விழுக்காட்டுக்குக் கீழே போனாலோ இரும்பு கொடுக்க வேண்டும். 75-க்கும் 100-க்கும் நடுவில் இருந்தால் மாத்திரை ஏறாது, ஊசிதான் வழி. அந்த 28, ஆய்வகத்துக்கு நார்மல். காலுக்கு மிகக் குறைவு.

ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். விடிவதற்குள் சோறு பொங்கி வைத்துவிட்டு மில்லுக்கோ பட்டாசுக் கம்பெனிக்கோ வண்டியேறும் பெண்கள் நிறைந்த காரியாபட்டி வட்டாரத்தில், கால் குடைச்சல் என்று வருகிற பெண்ணுக்கு இரும்பைப் பார்க்காமல் நரம்பு மாத்திரை எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. இரும்பு மாத்திரையும் சும்மா கிடைக்கிறது. ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு உண்டு. மலம் கறுக்கிறது, கட்டிக்கொள்கிறது என்று பாதி அட்டை பரணில் கிடக்கும். தினமும் விழுங்குவதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பில் சேரும் அளவு கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. வயிற்றுக்கும் அது இதம். டீயோடு சேர்த்து விழுங்கினால் வீண். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் வகை மாத்திரைகளை வருடக்கணக்கில் தின்பவர்களுக்கும் இரும்பு சரியாகச் சேராது. காலையில் வெறும் வயிற்றில் 'கேஸ் மாத்திரை' போடாத வீட்டை இப்போது தேட வேண்டியிருக்கிறது. மாத்திரை இரும்பின் பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும். அந்தப் பொறுமை நோயாளிக்கும் இருப்பதில்லை, மருத்துவருக்கும் இருப்பதில்லை.

ஊசி வழி இரும்பில் நல்ல ஆதாரம் இருப்பது ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸுக்கு. ஒரே தவணையில் 1000 மில்லிகிராம்கூட ஏற்றலாம். ஏற்றிய அன்றே கால் அடங்கிவிடாது. நாலு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ரத்தத்தில் பாஸ்பேட் அளவு இறங்குவது இதன் பக்கவிளைவு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குப் போடும் அயர்ன் சுக்ரோஸ் வேறு சரக்கு. ரத்தசோகைக்கு அது நல்ல மருந்துதான், ஆனால் ஆர்.எல்.எஸ்-க்கு நடந்த சோதனைகளில் அதே அளவு தெளிவான பலனைக் காட்டவில்லை. எல்லா இரும்பு ஊசியும் ஒன்றே என்று நினைத்து ஒன்றைப் போட்டுப் பார்த்துக் கைவிடுவதும் நடக்கிறது.

இரண்டாவது வேலை, புது மருந்து சேர்க்குமுன் பழையதில் எதை எடுக்கலாம் என்று பார்ப்பது. காகித உறையின் சின்ன மாத்திரை இங்கேதான் வருகிறது. சளிக்கும் அரிப்புக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள், ஏவில் போன்றவை, இந்தக் கால் தொல்லையைத் தூண்டிவிடக்கூடியவை. தூக்கம் வரும், கால் தூங்க விடாது. வாந்திக்குப் போடும் பெரிநார்மும் தலைசுற்றலுக்குப் போடும் ஸ்டெமெட்டிலும் மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுப்பவை. இவை இன்னும் மோசம். அதே வாந்திக்கு டோம்பெரிடோன் கொடுத்தால் அது மூளைக்குள் பெரிதாகப் போவதில்லை, பரவாயில்லை. மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம், மிர்டாசபின், அமிட்ரிப்டிலின் முதலியவையும் சிலருக்குக் குடைச்சலைக் கூட்டும். இவற்றைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் மாற்று உண்டு. சாயங்காலக் காபியும் ராத்திரிச் சரக்கும் இதே பட்டியலில் சேரும். இந்த எடுத்தல் கணக்கை முடிக்காமல் மாத்திரை மேல் மாத்திரை மாற்றிப் பார்த்தால், கேட்காதது மருந்தா, அல்லது கூடவே தின்னும் இன்னொன்று அதைக் கெடுக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

இனி டோபமின். இந்த நோயின் மருந்து வரலாற்றில் சுவையான அத்தியாயமும் சோகமான அத்தியாயமும் இதுவே. 1982-இல் துருக்கி மருத்துவர் அக்பினார், மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா என்ற பார்க்கின்சன் நோய் மருந்து இந்தக் கால்களையும் அடக்குகிறது என்று எழுதினார். அடக்கியது என்றால் அன்றைக்கு ராத்திரியே அடக்கியது. இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நம் சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சேரும் பூனைக்காலி விதையில் அதே லெவோடோபா இருப்பதை, சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தின் தாமோதரனும் ராமசாமியும் 1937-இலேயே பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதனால்தான் பூனைக்காலிச் சூரணம் தின்ற சிலருக்குக் கால் அடங்குகிறது. மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது என்று சொல்வோரிடம் இதைச் சொல்லியாக வேண்டும்: விதைக்குள் இருப்பது அதே மருந்து, அதற்கு வரும் வினை இதற்கும் வரும்.

அந்த வினையைப் பெயரிட்டு 1996-இல் எழுதியவர்கள் அமெரிக்காவின் ஆலனும் எர்லியும். மருத்துவர்கள் அதை ஆக்மென்டேஷன் என்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு வந்த குடைச்சல் சில மாதத்தில் ஆறு மணிக்கே வருகிறது. பிறகு மத்தியானம். காலில் இருந்தது கைக்கும் ஏறுகிறது. உட்கார்ந்து அரை மணியில் தொடங்கியது ஐந்து நிமிடத்தில் தொடங்குகிறது. நோய் முற்றிவிட்டது என்று டோஸைக் கூட்டுவார்கள். இரண்டு வாரம் நன்றாக இருக்கும். பிறகு முன்னைவிட மோசமாகும். நோயைத் தணித்த மருந்தே நோயை வளர்க்கிறது. லெவோடோபாவைத் தினமும் எடுத்தவர்களில் ஐந்தில் நால்வருக்கு இப்படி நேர்ந்ததை ஆலனும் எர்லியும் கண்டார்கள்.

ஆனாலும் டோபமின் மோகம் அத்தோடு தீரவில்லை. லெவோடோபா போய் ரோபினிரோல், பிரமிபெக்ஸோல் வந்தன. அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே 2005-இல் ரோபினிரோலும் 2006-இல் பிரமிபெக்ஸோலும் அனுமதி பெற்றன. 2012-இல் ரோட்டிகோட்டின் என்ற தோலில் ஒட்டும் பட்டையும் சேர்ந்தது. இவற்றின் சோதனைகள் பெரும்பாலும் சில வாரங்களே நடந்தவை. சில வாரத்தில் இவை அற்புதம். வருடங்கள் போகப்போக இதே ஆக்மென்டேஷன், மெதுவாக. கூடவே இன்னொரு விபரீதம்: சூதாட்டம், கட்டுமீறிய செலவு, காமவெறி போன்ற அடக்க முடியாத உந்துதல்கள். ஆன்லைன் ரம்மியில் காசு விடுகிற மாமாவுக்குக் கெட்ட சகவாசம் என்று வீட்டில் சண்டை நடக்கும். மாத்திரையை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். இந்த வகை மருந்து எழுதும்போது, பக்கத்தில் நிற்கும் வீட்டாரிடமும் இதைச் சொல்லிவைப்பது மருத்துவரின் கடமை.

அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்தக் கதையைத் திருப்பிப் போட்டது. லெவோடோபா, பிரமிபெக்ஸோல், ரோபினிரோல், ரோட்டிகோட்டின் நான்கையும் வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. பல வருடம் முதல் மருந்தாக இருந்தவை. வலுவாகப் பரிந்துரைப்பது கபாபென்டின், அதன் மாற்று வடிவமான கபாபென்டின் எனாகார்பில், பிரிகாபலின் ஆகியவற்றையும், இரும்பு குறைந்தவர்களுக்கு ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் ஊசியையும்தான். 2014-இல் வெளியான 719 பேர் கொண்ட ஓராண்டுச் சோதனை இதற்குப் பெரிய ஆதாரம்: பிரிகாபலின் எடுத்தவர்களில் 2.1 விழுக்காட்டினருக்கும், பிரமிபெக்ஸோல் 0.5 மில்லிகிராம் எடுத்தவர்களில் 7.7 விழுக்காட்டினருக்கும் ஆக்மென்டேஷன் வந்தது. ஓராண்டிலேயே இவ்வளவு வித்தியாசம்.

பிரிகாபலின் நம் மெடிக்கல்களில் இல்லாத நாளில்லை. இடுப்பு வலி, கழுத்து வலி, கை மதமதப்பு எல்லாவற்றுக்கும் அது எழுதப்படுகிறது. பிறகென்ன, நம் ஊர்க்காரர்கள் அறியாமலே சரியான மருந்தில் இருக்கிறார்களே என்று தோன்றும். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். பல அட்டைகளில் பிரிகாபலின் தனியாக இல்லை. நார்டிரிப்டிலினும் மெத்தில்கோபாலமினும் கூட இருக்கும். மெத்தில்கோபாலமின் வெறும் பி12, நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. நார்டிரிப்டிலினோ, சிலருக்கு ஆர்.எல்.எஸ்-ஐக் கூட்டும் மனச்சோர்வு மாத்திரை இனத்தைச் சேர்ந்தது. ஒரே மாத்திரைக்குள் ஒன்று அணைக்க, இன்னொன்று ஊத. சர்க்கரையால் வரும் பாத எரிச்சலுக்கு அந்தக் கூட்டு பொருந்தலாம். இந்த நோய்க்குத் தனிப் பிரிகாபலினோ தனிக் கபாபென்டினோ கேட்டு வாங்குவதே முறை. 'பிரிகாபலின் பார்த்தாச்சு, கேக்கலை' என்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் தனிப் பிரிகாபலின் பார்த்தார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

கபாபென்டின், பிரிகாபலின் இனமும் தேன் அல்ல. தலைசுற்றல், காலையில் மந்தம், எடை கூடுவது, கால் வீக்கம், சிலருக்கு மனம் இருண்டுபோவது எல்லாம் உண்டு. வயதானவர்கள் ராத்திரி எழுந்து விழுந்துவிடக் கூடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைத்தே ஆகவேண்டும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஆர்.எல்.எஸ். அதிகம் வருவதால் இது வெறும் எச்சரிக்கை வாசகம் அல்ல. போதைக்காக இதை விழுங்கும் பழக்கமும் பரவியிருக்கிறது, அதனால் கடைகளில் கெடுபிடி. உண்மையான நோயாளி சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. பஞ்சு மில்லில் இரவு ஷிப்டு பார்ப்பவர், வெடிமருந்துக் கலவை கையாளும் பட்டாசுத் தொழிலாளி ஆகியோர் எந்த நேரத்தில் மாத்திரை போடுகிறார்கள் என்பதை மருத்துவர் கேட்க வேண்டும். காலை மந்தம் அலுவலகத்தில் கொட்டாவி. வெடிமருந்து அறையில் வேறு விஷயம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். குளோனாசெபம் தூங்க வைக்கும். காலின் உந்துதலைக் குறைப்பதற்கு ஆதாரம் பலவீனம், பழகிவிட்டால் விடாது. ரத்தம் உறையாமலிருக்கப் பழைய நாளில் அதிகம் எழுதிய டிப்பிரிடமோல் இப்போது இந்த நோய்க்கு மறுவாழ்வு பெறுகிறது. 2021-இல் வெளியான சிறிய சோதனையில் பலன் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழ் நரம்பை மின்னால் தூண்டும் பட்டை ஒன்றை அமெரிக்காவில் 2023-இல் அனுமதித்தார்கள். எல்லாம் தோற்றால் குறைந்த அளவு ஓபியாய்டு, அதாவது அபின் வகை மருந்து. வில்லிஸ் விட்ட இடத்துக்கே மருத்துவம் திரும்பி வந்திருக்கிறது. ஐரோப்பாவில் ஆக்ஸிகோடோன்-நலாக்ஸோன் கூட்டு 2013-இல் வெளியான சோதனையில் கடுமையான நோயாளிகளுக்கு உதவியது. நம் நாட்டில் இதற்குக் கதவு குறுகல். எளிதாகக் கிடைத்த டிராமடாலும் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அதற்காக வருந்தத் தேவையில்லை. ஓபியாய்டுகளில் ஆக்மென்டேஷன் வருவதாகச் சொல்லப்படுவது டிராமடாலுக்குத்தான்.

இத்தனை மருந்துகளையும் எடைபோடும்போது மறக்கக் கூடாத ஒன்று, இந்த நோயில் வெறும் மாவு மாத்திரைக்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் நன்றாகக் குணம் கண்டதாகச் சொல்கிறார்கள் என்பது. பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டு ஆய்வின் முடிவு அது. ஆகவே பக்கத்து வீட்டு அக்காவுக்கு எந்தச் சூரணம் கேட்டது, எந்தத் தைலம் கேட்டது என்பதில் பொய் இருக்க வேண்டியதில்லை. ஆதாரமும் இருக்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவருக்கு வரும் கால் குடைச்சல், பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானே போய்விடும். அந்தச் சமயம் யார் எந்தக் கஷாயம் கொடுத்தார்களோ அவருக்குப் பேர்.

கடைசியாக, ஏற்கெனவே பிரமிபெக்ஸோலிலோ ரோபினிரோலிலோ வருடக்கணக்கில் இருப்பவர்கள் என்ன செய்வது? இதைப் படித்துவிட்டு நாளைக்கே மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. குறைந்த டோஸில் நிம்மதியாக இருப்பவர்களைக் கலைக்க வேண்டிய அவசரமும் இல்லை. டோஸ் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். குடைச்சல் நேரம் முன்னே நகர ஆரம்பித்தவர்களுக்குத்தான் மாற்றம் வேண்டும். அதற்கும் முறை உண்டு: முதலில் இரும்பை அளந்து நிரப்புவது, பிறகு கபாபென்டினோ பிரிகாபலினோ சேர்த்து அது பிடிக்கும்வரை காத்திருப்பது, அப்புறம் டோபமின் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது. கடைசி அரை மாத்திரை போகும்போது சில ராத்திரிகள் கண்ணே மூட முடியாமல் போகலாம். ஒரு வாரம் பத்து நாளில் தணியும். மதுரையில் பார்க்கும் நரம்பியல் மருத்துவர் இந்தத் திட்டத்தை எழுதும்போது காரியாபட்டிக்காரரிடம் வேலை எப்போது ஓயும் என்று கேட்டால் பாதிச் சிக்கல் தீரும். பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற பெண்ணுக்கு ஆடி முதல் தீபாவளி வரை மூச்சுவிட நேரமிருக்காது. தீபாவளி முடிந்து வேலை ஓய்ந்திருக்கும் வாரங்களில் கடைசி அரை மாத்திரையை விடச் சொல்லலாம். அதற்கு நாலைந்து மாதம் முன்னாலேயே ஃபெரிட்டின் பார்த்திருக்க வேண்டும்.